முன்சில்லு ஏன் சும்மா நின்றது?

அம்பேவெலப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதை. இரவெல்லாம் மழை. ஜீப்பின் பின்சில்லுகள் சேற்றை வாரி இறைத்தபடி தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டிருந்தன. முன்சில்லுகள் இரண்டும் கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றன. ஃபோர் வீல் நெம்பை இழுத்து ஐந்து நிமிடமாயிற்று. டாஷ்போர்ட்டில் நாலு சில்லுப் படத்தின் முன்னிரண்டு பச்சை விளக்குகளும் மின்னின, மின்னின, மின்னிக்கொண்டே இருந்தன. கடைசியில் கோவா வெட்ட வந்த நாலு பையன்கள் தள்ளித்தான் வண்டி மேலே வந்தது.

கொழும்புக்கு வந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. “கியர்ப் பெட்டி போச்சு, பஞ்சிகாவத்தையில யப்பான்ல கழட்டின பெட்டி ஒண்டு பாருங்க” என்றார் ஒருவர். முன் டிஃபரன்ஷலே முடிந்தது என்றார் இன்னொருவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நம்மூர்க்காரர் எல்லாருமே பழைய வண்டிக்கு வைத்தியம் சொல்லப் பழகிவிட்டார்கள்.

நான் போனது கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்துக் கராஜுக்கு. செவ்வாய்க்கிழமை அல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். செவ்வாயில் மெழுகுதிரியும் கையுமாக வரும் சனத்துக்கு நடுவில் சைக்கிள்கூட நுழையாது. கராஜ் பாஸ் வண்டியைத் தொடவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

“பச்ச லைட் எரியவே இல்லையா, இல்லாட்டி மின்னிச்சுதா?”

“மின்னினது, பாஸ்.”

“அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு.”

இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இயந்திரவியல் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது.

முதலில், ஃபோர் வீலை ஏன் தேவைக்கு மட்டும் போடுகிறோம்? எப்போதும் நாலு சில்லும் இழுத்தால் என்ன? ஜீப்பைக் கோயில் சந்தியில் ஒரு முழு வட்டம் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் அது கடக்கும் தூரம் 31.4 மீட்டர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்றால் முன்னச்சின் நடுப்புள்ளி அதைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது: 34.8 மீட்டர். ஒரே வண்டி, ஒரே சுற்று, முன்னால் போகிறவனுக்கு மட்டும் 3.4 மீட்டர் கூடுதல் நடை. நெம்பை இழுத்து முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். அந்த 3.4 மீட்டர் எங்கே போகும்? சேற்றில் சில்லு வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. தண்டு முறுகும், ஸ்டியரிங் கல்லாகும், நெம்பு பழைய இடத்துக்குத் திரும்ப மறுக்கும். அப்படி இறுகிவிட்டால் நெம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து தானாக வரும். (1983இல் வந்த லேண்ட் ரோவர் வன் டென் போன்ற வண்டிகளில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷல் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் கதை அதுவல்ல.)

ஆக, தார் ரோட்டில் முன்பக்கம் ஓய்வாக இருக்க வேண்டும். இயந்திரம் ஓட்டாவிட்டாலும் ரோட்டில் உருளும் சில்லு தன் பங்குக்கு முன் அச்சு, டிஃபரன்ஷல், தண்டு எல்லாவற்றையும் வெட்டியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து மிச்சமான ஜீப்புகள் சாதாரணச் சனத்தின் கைக்கு வந்தபோது இதுதான் குறை. 1948இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் சில்லின் குடத்திலேயே பூட்டு வைத்தார். கையால் திருகினால் சில்லும் அச்சும் ஒன்று சேரும், மறுபக்கம் திருகினால் பிரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் திருகுவதற்கு முழங்காலளவு சேற்றில் இறங்க வேண்டும். அட்டை கடிக்கும் மலைநாட்டில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

பிற்பாடு வந்த யப்பான் ஜீப்புகள் பலவற்றில் அந்த வேலையை வண்டியே செய்துகொள்கிறது. என் வண்டியில் முன் டிஃபரன்ஷலின் ஒரு பக்க அச்சு மட்டும் நடுவில் இரண்டு துண்டாக இருக்கிறது. பல் வைத்த வளையம் ஒன்று நகர்ந்து வந்து இரண்டையும் கோக்கும். ஒரு பக்கம் மட்டும் போதுமா? போதும். டிஃபரன்ஷல் என்பது இரண்டு பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் பங்கு வைக்கும் தாய். ஒரு பக்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் வெறும் துண்டு சுழன்றால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும் விசை பூச்சியம். சரிசமம் என்பதால் மறுபக்கத்துக்கும் பூச்சியம்தான். நெம்பு விழுந்து, முன் தண்டு சுற்றி, டிஃபரன்ஷலும் சுற்றி, எல்லாம் சரியாக நடந்தும், ஒரு வளையம் ஓரிரு விரல்கடை நகராவிட்டால் இரண்டு முன்சில்லும் சும்மாதான் நிற்கும். மின்னுகிற விளக்கு சொல்வது இதைத்தான்: “பெட்டி தன் வேலையை முடித்துவிட்டது, வளையத்துக்காகக் காத்திருக்கிறேன்.” விளக்கு எரியவே இல்லையென்றால் தேட வேண்டிய இடம் வேறு: நெம்பு, பெட்டியின் சுவிட்ச், ஃபியூஸ்.

வளையத்தை நகர்த்துவது எது? மோட்டாரா? இல்லை. காற்று. சரியாகச் சொன்னால் காற்று இல்லாமை. டீசல் ஜீப்பில் ஒல்டனேற்றரின் முதுகில் ஒரு சின்னப் பம்ப் உட்கார்ந்திருக்கும். அதன் முக்கிய வேலை பிரேக்குக்கு வெக்யூம் கொடுப்பது. அதிலிருந்து கிளை பிரியும் இறப்பர்க் குழாய் இரண்டு சொலனொய்ட் வால்வுகள் வழியாக முன் அச்சருகே உள்ள ஒரு தகர டப்பாவுக்குப் போகிறது. டப்பாவின் நடுவில் இறப்பர்த் திரை, திரையில் கம்பி, கம்பி முனையில் அந்த வளையம். திரையின் ஒரு பக்கக் காற்றை உறிஞ்சினால் மறுபக்கம் இருக்கும் சாதாரணக் காற்று அதைத் தள்ளும்.

சாதாரணக் காற்றா என்று ஏளனமாகப் பார்க்க வேண்டாம். கொச்சிக்கடைக் கடற்கரையில் ஒவ்வொரு சதுர சென்ரிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோக் காற்று நிற்கிறது. திரையின் குறுக்களவு 7 சென்ரிமீட்டர் என்றால் பரப்பு 38 சதுர சென்ரிமீட்டர். பம்ப் முக்கால்வாசிக் காற்றை இழுத்தாலே கம்பியைத் தள்ளுவது 29 கிலோ, அரை மூடை அரிசிக்கு மேல். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மக்டபேர்க் நகர மேயர் ஒட்டோ வொன் கெரிக்கே இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தாரே, அந்தக் குதிரைகளோடு மல்லுக்கு நின்ற அதே காற்றுதான்.

கராஜுக்குத் திரும்புவோம். பாஸ் பின்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தார். ஹேண்ட் பிரேக். வலது முன்சில்லை மட்டும் ஜக் வைத்துத் தூக்கினார். என்ஜின் ஓட, கியர் நியூட்ரலில், நெம்பு ஃபோர் வீலில். “கையால சுத்திப் பாருங்க” என்றார். சுற்றினேன், தேங்காய்த் துருவி மாதிரி லேசாகச் சுற்றியது. வளையம் கோத்திருந்தால் அது அசையக் கூடாது. முன் தண்டு பெட்டி வழியாகப் பின் தண்டோடு பூட்டி, பின்சில்லு பிரேக்கில் பிடிபட்டு நிற்க வேண்டும்.

அடுத்து டப்பாவின் இரண்டு குழாய்களையும் கழற்றி இடம் மாற்றிச் செருகினார். ஒன்று வளையத்தைச் சேர்க்க, மற்றது பிரிக்க. மாற்றியபின் நெம்பைத் திரும்பவும் டூ வீலில் போட, சில்லு கையில் கனத்து, முன் தண்டையும் சேர்த்துச் சுற்றியது! பிரிக்கிற குழாயின் வெக்யூம் வளையத்தைச் சேர்த்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே டப்பா நல்லது, திரை நல்லது, வளையம் நல்லது. கெட்டது சேர்க்கிற பாதை மட்டும். ஒரு போல்ட் கழற்றாமல் வியாதி நாலடிக் குழாய்க்குள் சுருங்கிவிட்டது.

நெம்பைத் திரும்ப ஃபோர் வீலில் போடச் சொல்லிவிட்டு, அந்தக் குழாயைப் பம்பின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி என் விரல்நுனியில் வைத்தார். முதல் இடத்தில் குட்டிக் கன்று சூப்புகிற மாதிரி விரலைப் பிடித்து இழுத்தது. சொலனொய்ட்டுக்கு முன்னால் இழுத்தது. தாண்டியதும் வெறும் மூச்சுத்தான். குழாயை வளைத்துக் காட்டினார்: சொலனொய்ட் மூக்கில் செருகியிருந்த முனை என்ஜின் சூட்டில் காய்ந்து, உதடு வெடித்த மாதிரி மூன்று கோடாகப் பிளந்திருந்தது. கத்தியை எடுத்து அரை அங்குலம் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திரும்பச் செருகினார். பழுது பார்த்தல் முடிந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம். “பாஸ், போன மாசம் இங்க மட்டக்குளியில ஒருக்காப் போட்டுப் பார்த்தனே, கொஞ்சம் மின்னிட்டு நிண்டுதே. மலையிலதானே விழயில்ல?”

“ஏறினா மனுசனுக்கே மூச்சு வாங்குது” என்று சொல்லிவிட்டு அவர் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அம்பேவெலக்கு அடுத்த பட்டிப்பொல நம் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், கிட்டத்தட்ட 1,898 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். பாதரசக் கணக்கில் இங்கே 30 அங்குலம், அங்கே 24. என் 29 கிலோ அங்கே 23 ஆகிவிடும். வெடித்த முனையால் ஒழுகியதைக் கழித்தால் இன்னும் குறைவு. இங்கே கஷ்டப்பட்டு நகர்ந்த வளையம் அங்கே நகராதது ஆச்சரியமில்லை. வெக்யூம் பிரேக்கோடு அந்தப் பாதையில் ஏறும் நம் பழைய ரயில்களுக்கும் இதே சங்கடம் உண்டு: உயரம் கூடக்கூட பிரேக்கைத் தள்ளுவதற்குக் காற்று குறைகிறது. ஆனால் ரயிலில் கணக்குத் தலைகீழ். அங்கே வெக்யூம் பிரேக்கைப் பிடிப்பதில்லை, விடுவிக்கிறது. குழாய் அறுந்தால் ரயில் தானாக நிற்கும். என் ஜீப்பில் குழாய் அறுந்தால் கோவா வெட்டுகிற பையன்களைத்தான் கூப்பிட வேண்டும்.

பாஸ் திரும்பி வந்து குழாய்களைச் சரியான இடத்தில் மாட்டினார். “இப்பச் சுத்துங்க, மெதுவா.” பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் கோக்காது. கொஞ்சம் நகர்த்திக் கொடுக்க வேண்டும். கால்வாசி சுற்றினேன். உள்ளே எங்கோ ‘டொக்’ என்றது. சில்லு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் உன்னிப் பார்த்தேன், மயிரிழை அசையவில்லை. டாஷ்போர்ட்டில் பச்சை விளக்கு கண்சிமிட்டாமல் எரிந்தது.

பாஸுக்குத் திருப்தி இல்லை. மலையில் ஆறு கிலோக் குறையும் என்று நான் சொன்னதைக் கேட்டதும் மறுபடி கீழே படுத்து, துருவேறிய கம்பிக்கு எண்ணெய் விட்டு, என்னை நெம்பருகே உட்கார்த்திப் பத்துத் தரம் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு ‘டொக்’கையும் காது கொடுத்து எண்ணினார்.