தாத்தாவின் தாளம்

ஆல்பம் பதிவு செய்ய வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டிப்போனால் பாட்டு தேறுமா, நேயர்களே? தேர்ந்த ஸ்டூடியோ கலைஞர்கள் இன்னும் சுத்தமாக வாசிப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில், வடக்கு மிசிசிப்பியின் குன்றுப் பகுதி ப்ளூஸ் இசை கணக்குப் பார்த்து நகர்வதில்லை. பாடுபவர் தோன்றிய இடத்தில் நிறுத்துவார், தோன்றிய அளவுக்கு நீட்டுவார். கூடவே வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த மூச்சு சட்டென்று பிடிபடும். அந்தப் பகுதி ப்ளூஸ் கலைஞரான செட்ரிக் பர்ன்சைட் பதின்ம வயதிலேயே தன் தாத்தா ஆர்.எல். பர்ன்சைடின் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்துத் தேறியவர். பின்னாளில் 'ஐ பீ டிரையிங்' என்ற தன் ஆல்பத்தில் மகளையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டார். மரபு ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி விருது 2022-இல் அதற்குத்தான் கிடைத்தது.