கால் வந்துவிட்டதே, கை ஏன் வரவில்லை?



பக்கவாதத்தோடு எங்களிடம் கொண்டுவரப்படுகிறவர்களில் பலர் சில வாரங்களில் கோலூன்றியாவது நடந்துவிடுகிறார்கள். கை மட்டும் அப்படியே தொங்குகிறது. வீட்டார் எல்லாரும் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறோம்.

கால் ஓரளவு பலம் பெற்றாலே உடலைத் தாங்கிவிடும். எழுந்து நடக்கும்போதெல்லாம் அதற்குப் பயிற்சியும் கிடைக்கிறது. கை அப்படியல்ல. பொத்தான் போடவும், சோறு பிசைந்து வாயில் வைக்கவும் விரல்கள் தனித்தனியே இயங்க வேண்டும். மேலும், நல்ல கை எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறது. மனைவி பொத்தான் போட்டுவிடுவார், மகள் ஊட்டிவிடுவாள். அன்பினால் செய்கிறார்கள், குறைசொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் கொஞ்சம் அசையக்கூடிய கைகூட இதனால் தன் வேலையை மறந்துபோகிறது.

இந்த மறதியை எட்வர்ட் டவுப் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் முதலில் குரங்குகளிடம் கண்டார். அவர் வகுத்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையிடம் வேலை வாங்குவார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2006ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏறக்குறைய உறையோடிருந்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி பெற்றார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்கள் கை நன்றாக இயங்கியது. ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

எல்லாருக்கும் இது ஏற்றதல்ல. மணிக்கட்டையும் விரல்களையும் தாமாகச் சிறிதாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே பயன்படும். ஆகையால் முதலில் அதைத்தான் பார்க்கிறோம்.

பயிற்சி மேஜையில் இருப்பவை டம்ளர், துணிக்கிளிப், புளியங்கொட்டை, ஒரு பழைய சட்டை. இவற்றுக்கு என்ன செலவு? பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் ஒருமுறை, ஐயா" என்று சொல்கிற தெரபிஸ்டின் நேரத்துக்குத்தான் உங்கள் காணிக்கை போகிறது. கூலிவேலை செய்கிறவர் இரண்டு வாரம் தங்கினால், துணைக்கு வந்தவரின் கூலியும் போய்விடுகிறது. பாதியில் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகவே புறப்படுகிறார்கள்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால் போதாதா? நாங்களும் அப்படி ஆகாதா என்று விரும்பியவர்கள்தான். ஆனால் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017ல் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொல்லிற்று. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்ததனால் ஆறாம் மாதத்தில் மரணமோ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை.

அப்படியானாலும் வீட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது, விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு இறங்கி வலி கண்டால் அவர் பயிற்சிக்கே கையைக் கொடுக்கமாட்டார். உட்காரும்போது கையைத் தொங்கவிடாமல் ஒரு தலையணைமேல் வையுங்கள்.