வெடித்த மணி சொல்லும் பாடம்: வார்ப்பில் வடிவமும் உலோகமும்

நாம் காலையில் திறக்கும் நீர்க்குழாய், ஏறிச் செல்லும் வாகனத்தின் எஞ்சின், தெருவில் மிதித்துக் கடக்கும் மான்ஹோல் மூடி ஆகிய யாவும் பெரும்பாலும் வார்ப்பில் உருவானவை. உலோகத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறவிட்டு எடுப்பதே வார்ப்பு. புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பலர் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். எமது பிள்ளைகள் பலர் பொறியியல் கற்கின்றனர். இன்று கணினித் திரையில் எந்த வடிவத்தையும் வரைந்துவிடலாம். ஆனால் உருகிய உலோகம் எல்லா வடிவத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு பாகத்தின் வடிவத்தையும் அதற்கான உலோகத்தையும் தனித்தனியே தீர்மானிக்க முடியாது என்பதே இத்துறையின் முதற் பாடம்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்காக லண்டன் வைட்சப்பலில் வார்க்கப்பட்ட மணியொன்று 1752இல் அங்கு சென்று சேர்ந்தது. பின்னாளில் 'லிபர்ட்டி பெல்' எனப் புகழ்பெற்ற அந்த மணி, சோதனையின் முதல் அடியிலேயே வெடித்தது. உலோகம் எளிதில் நொறுங்கக்கூடியது எனக் கருதிய உள்ளூர் வார்ப்பாளர்கள் ஜோன் பாஸ், ஜோன் ஸ்ரோ இருவரும், அதை உருக்கி, செம்பைக் கூட்டி மீண்டும் வார்த்தனர். இம்முறை மணி உடையவில்லை, ஆனால் நாதம் கெட்டது. 1753இல் மூன்றாவது முறையாக வார்க்க வேண்டியதாயிற்று.

மணிக்கான வெண்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் கூடினால் உலோகம் கடினமாகி நன்கு ஒலிக்கும், கூடவே நொறுங்கும் தன்மையும் கூடும். செம்பு கூடினால் உலோகம் அடியைத் தாங்கும், ஒலி மங்கும். சிலைக்கு ஒலி தேவையில்லை என்பதால் சிலை வெண்கலத்தில் வெள்ளீயம் வழமையாகப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பாகத்தின் வேலை எதுவோ, அதுவே கலவையைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது வடிவம். உலோகம் ஆறும்போது சுருங்கும். ஒரு மீற்றர் நீளத்துக்குச் சாம்பல் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர், அலுமினியம் 1.3, உருக்கு 2 சென்ரிமீற்றர் வரை சுருங்கும். ஆகவே அச்செடுக்கும் மாதிரியுரு அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது, திரவம் திண்மமாக மாறும்போது நிகழும் சுருக்கம். மெல்லிய பகுதிகள் முதலில் உறைந்துவிடும், தடித்த பகுதி கடைசியில் உறையும். அதற்குள் உலோகம் வந்துசேரும் வழி அடைபட்டிருந்தால், உள்ளே பொந்து விழும். வெளியே எந்தக் குறையும் தெரியாது.

எனவே சுவர்களின் தடிப்பு கூடியவரை சீராக இருக்க வேண்டும். தடிப்பு மாற வேண்டிய இடத்தில் படிப்படியாக மாற வேண்டும். உள்மூலைகள் வெடிக்காதிருக்க அவற்றை வளைவாக்க வேண்டும், ஆனால் வளைவு மிகப் பெரிதானால் அதுவே தடித்த இடமாகிவிடும். இரண்டு விலா எலும்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்திலும் உலோகம் குவியும் என்பதால், அவற்றைச் சற்று விலக்கி வைப்பது நல்லது. மாதிரியுரு மணலைச் சிதைக்காமல் வெளியே வர, பக்கங்களுக்கு ஓரிரு பாகை சரிவு தேவை. தடித்த பகுதி தவிர்க்க முடியாததாயின், அதன் மேலே 'ரைசர்' எனப்படும் உலோகச் சேமிப்பு வைக்கப்படும். அது கடைசியாக உறைந்து, கீழே சுருங்கும் பகுதிக்கு உலோகத்தை ஊட்டும்.

உலோகத் தெரிவிலும் இதே கணக்குத்தான். சாம்பல் வார்ப்பிரும்பில் கிராபைற்று செதில்களாக இருப்பதால் அது அதிர்வை உறிஞ்சும், கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்துக்கு ஏற்றது. ஆனால் இழுத்தால் முறியும். 1943இல் கீத் மில்லிஸ் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தபோது அச்செதில்கள் உருண்டைகளாக மாறின. வளைந்து கொடுக்கும் வார்ப்பிரும்பு பிறந்தது. சுமார் 7 வீதம் சிலிக்கன் கலந்த அலுமினியம் அச்சின் மெல்லிய இடுக்குகளிலும் ஓடிப் பாயும், எடையும் குறைவு. வாகனங்களின் 'அலோய்' சில்லுகள் பல இந்த வகையே. உருக்கு வலிமையானது. ஆனால் அதிகம் சுருங்குவதால் பெரிய ரைசர்களும் கூடிய செலவும் தேவை.

சில்லிலோ பிரேக்கிலோ உள்ள ஒரு பொந்து உயிரோடு விளையாடும். அதனாற்றான் முக்கிய பாகங்களை ஊடுகதிர் கொண்டு சோதிக்கின்றனர். எனினும் சோதனை பொந்தைக் காட்டுமே தவிர, இல்லாமற் செய்யாது. பொந்தைத் தவிர்க்கும் இடம் வரைபடம்தான். எந்தச் சுமையைத் தாங்கப்போகிறது, எந்த உலோகம், எந்த இடம் கடைசியில் உறையும் என்ற மூன்றையும் வரையும் முன்பே கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் பெரும்பாலும் உலோகம் ஊற்றுபவரிடமே இருக்கும். எமது பல வீடுகளில் அவர் அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.