குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியும் பல்கலைக் கழகத்துப் பூச்சிப் பெட்டியும்

மரவள்ளியின் குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, நுனி கொத்தாகிவிட்டால் அது மாவுப்பூச்சியின் வேலை என்பது சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு பயிரிடும் உழவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் எந்த மாவுப்பூச்சி என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மரவள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாவுப்பூச்சிகள் வருகின்றன. வெள்ளை மாவைப் போர்த்திக் கொண்டால் எல்லாம் ஒன்று போலவே தோன்றும்.

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர் பகுதியில் தென்பட்டது பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என எதையும் அது விட்டு வைக்கவில்லை. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பின் தமிழகத்துக்கும் வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. முன்னதன் உடல் மஞ்சள். பின்னதன் உடல் இளஞ்சிவப்பு. இரண்டையும் ஒழிக்க வெவ்வேறு ஒட்டுண்ணிக் குளவிகள் தேவை. பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகள் வந்தன. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி தருவிக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. எள்ளைவிடச் சிறிய இந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. ஆனால் கண்ட மாவுப்பூச்சியிலெல்லாம் அது வளராது. பெயர் தவறினால் குளவியும் தவறிப் போகும்.

இது வெறும் பேச்சல்ல. 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி புகுந்து, கிழங்கையே நம்பி வாழ்ந்த மக்களைத் திண்டாட வைத்தது. அதன் தாயகம் தென் அமெரிக்கா என்று கருதி விஞ்ஞானிகள் அக்கண்டத்தின் வடபகுதியில் தேடினார்கள். அங்கு ஒரு மாவுப்பூச்சியும் அதன் எதிரிகளும் கிடைத்தன. அந்த எதிரிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீந்தவில்லை. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. 1981இல் பராகுவே நாட்டில் சரியான பூச்சி கிடைத்தது. அதன் குளவியும் கிடைத்தது. அக்குளவியே ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்தது. நம் ஏத்தாப்பூருக்கு வந்ததும் அதே இனக் குளவிதான்.

அப்படியானால் ஒரு பூச்சிக்குச் சரியான பெயர் சொல்வது எப்படி? முன்னரே பெயர் உறுதி செய்து பத்திரப்படுத்திய பூச்சியோடு ஒப்பிட்டுத்தான். இதற்காகத்தான் வேளாண்மைப் பல்கலைக் கழகங்கள் பூச்சித் தொகுப்பு வைத்திருக்கின்றன. கோவையில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சிகள் அருங்காட்சியகத்தைப் பலர் கண்டிருப்பர். ஆராய்ச்சிக்கான தொகுப்பு இத்தகைய காட்சிக் கூடம் போன்றதல்ல. அதில் அழகான வண்ணத்துப்பூச்சியை விட, அழுக்கு நிறத்தில் இருக்கும் தத்துப்பூச்சிக்கு மதிப்பு அதிகம். தென்னிந்தியாவில் இப்பணி பழையது. சென்னை மாகாணப் பூச்சியியலாளராக இருந்த பிளெட்சர் 1914இலும், கோவையில் பணியாற்றிய ராமகிருஷ்ண ஐயர் 1940இலும் வெளியிட்ட நூல்கள் இன்றும் பூச்சியியல் மாணவர்களுக்கு அறிமுகமானவையே.

பூச்சியைக் காப்பது எளிதன்று. வண்டு, வெட்டுக்கிளி போன்றவற்றைத் துருப்பிடிக்காத ஊசியில் குத்தி வைக்கிறார்கள். சிறு குளவிகளை அட்டை முனையில் பசையிட்டு ஒட்டுகிறார்கள். மாவுப்பூச்சிக்கு வேலை இன்னும் அதிகம். அதன் உடலைக் காரத்தில் ஊற வைத்துச் சுத்தம் செய்து, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் பதித்தால்தான் தோலிலுள்ள நுண்துளைகள் உருப்பெருக்கியில் தெரியும். இனம் பிரிப்பது அத்துளைகளைப் பார்த்துத்தான்.

செத்த பூச்சிக்கும் பூச்சித் தொல்லை உண்டு என்பது வேடிக்கை. மயிர் அடர்ந்த ஒருவகைச் சிறுவண்டின் புழு, பெட்டிக்குள் புகுந்து உலர்ந்த பூச்சிகளைத் தின்றுவிடும். ஊசியின் கீழே பொடி உதிர்ந்திருந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியோடு சில நாட்கள் கடுங்குளிரில் உறைய வைத்து அதைக் கொல்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சணமும் சேர்ந்து கொள்ளும்.

இவை அனைத்துக்கும் தப்பினாலும் தீ இருக்கிறது. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி எரிந்தபோது பல லட்சம் பூச்சிகள் சாம்பலாயின. தொகுப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை உலகெங்கும் நடப்பதற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணம்.

ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் எண் தருகிறார்கள். ஊசியிலுள்ள சீட்டில் கண்ட ஊர், தேதி, பயிர், பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் பதிகிறார்கள். பிறகு உருப்பெருக்கி வழியே வெவ்வேறு ஆழங்களில் படங்கள் எடுத்து ஒரே படமாக இணைக்கிறார்கள். படம் எடுப்பதை விடச் சீட்டைப் படிப்பதுதான் பெரும்பாடு. பழைய கையெழுத்து, மங்கிய மை, ஆங்கிலேயர் காலத்து ஊர்ப் பெயர்கள்! ஆனால் பதிந்து முடித்துவிட்டால், ஒரு பூச்சி எந்த ஆண்டில் எந்த ஊரில் எந்தப் பயிரில் இருந்தது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். புதிதாக வந்த பூச்சியா, பழையதே பெருகியதா என்ற கேள்விக்கும் விடை தேடலாம்.

படம் இருந்தால் பூச்சி எதற்கு என்று கேட்பது சரியல்ல. நுண்துளையை எண்ணவும் மரபணுவைப் பார்க்கவும் அசல் வேண்டும். மெக்சிகோவில் 1955இல் சேகரித்த பப்பாளி மாவுப்பூச்சிக்கு 1992இல்தான் விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டது. இடையிலிருந்த 37 ஆண்டுகளும் யாரோ அதைப் பாதுகாத்திருக்கிறார்கள்.

வயலில் அறியாத பூச்சி தென்பட்டால் மருந்து தெளிக்கும் முன்பே, பத்துப் பூச்சிகளையாவது மருந்துக் கடை ஸ்பிரிட் ஊற்றிய சிறு சீசாவில் போட்டு மூடி, வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கொடுக்கலாம். உயிரோடு கொண்டு போனால் வழியெல்லாம் பரவும். பப்பாளி மாவுப்பூச்சி ஸ்பிரிட்டில் ஓரிரு நாளில் கறுத்துவிடுமாதலால், போடும் முன் இருந்த நிறத்தைக் குறித்துக் கொள்வது நல்லது. அத்துடன் ஊர், தேதி, பயிர், ரகம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதையும் சீசாவுக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.