ஃப்ளூ பரிசோதனை: அடைமழையில் நம்பலாம், சித்திரையில்?

ஆனைக்குட்டம், சிவகாசி வட்டாரக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: அரை மணியில் முடிவு சொல்லும் ஃப்ளூ பரிசோதனையை நம்பலாமா? ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அவசரம் நியாயமானதே.

பலர் கோடு விழும் ஆன்டிஜென் அட்டையையும் மூலக்கூறு பரிசோதனையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 2017-இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, 'ஏ' வகை ஃப்ளூ உள்ள நூறு பேரில் அட்டை பிடித்தது 54 பேரை. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் விரைவுக் கருவி 92 பேரை. நோய் இல்லாதவரை 'இல்லை' என்பதில் இரண்டுமே 98 சதவீதத்துக்கு மேல்.

கருவியின் பெட்டியில் அச்சிட்டுக்கொள்ள அழகான எண். வினையே அதில்தான். ஐப்பசி அடைமழையில் காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் 300 பேருக்கு ஃப்ளூ என்று வைத்துக்கொள்வோம். கருவி 276 பேரைப் பிடிக்கும். மீதி 700 பேரில் நூற்றுக்கு இரண்டு வீதம் 14 பேருக்குப் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டும். போகட்டும். சித்திரையில் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் ஃப்ளூ என்றால்? ஒன்பது பேர் அகப்படுவார்கள். நோயே இல்லாத 20 பேரும் கூடவே மாட்டுவார்கள். 29 பாசிட்டிவில் 20 பொய்! கருவியில் பழுதில்லை; ஊரில் நோய் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பட்டாசு ஆலை வாசலில் இருமுகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சோதித்தாலும் இதே கதைதான்: வெடிமருந்துத் தூசியால் இருமுகிறவர்களும் வரிசையில் நிற்பார்களே.

'பாதிப்பு கட்டுக்குள்' என்ற அறிக்கைகளையும், யாரைச் சோதித்தார்கள் என்று பார்த்தே படிக்க வேண்டும். மத்திய அரசின் எச்1என்1 ஃப்ளூ வழிகாட்டுதலில், நோயின் கடுமை குறைந்த ஏ, பி பிரிவினருக்குப் பரிசோதனையே கிடையாது. நிலைமை மோசமான சி பிரிவுக்கு மட்டும்தான். சிகிச்சைக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. எச்3என்2 ஃப்ளூ பரவியபோது, 2023 மார்ச் 10-இல் தமிழகத்தில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் என்றார்கள். முகாம் எத்தனை என்பதைவிட, மாதிரி எத்தனை என்று கேட்பதே பயன்.

மற்றக் கேள்விகள். மாதிரி எப்போது எடுக்கலாம்? முதல் மூன்று நான்கு நாளுக்குள். மூக்கிலா, தொண்டையிலா? மூக்கின் உட்பகுதியில் எடுப்பது மேல். கர்ப்பிணிக்குக் காய்ச்சல்? டாக்டரிடம் உடனே போங்கள். மருந்து தொடங்க முடிவு வரவேண்டும் என்பதில்லை. நெகட்டிவ் வந்தும் மூச்சு வாங்கினால்? ஆஸ்பத்திரிக்கு. டெங்குவும் இதில் தெரியுமா? தெரியாது, அதற்கு ரத்தப் பரிசோதனை.