தீப்பெட்டியைப் பிடுங்கினால் தீருமா?

 திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. புது வேட்டியில் பிரித்த 21 நூல் இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, சிறுவர்களும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு இழை எடுப்பது என்று பெயர்.

வெளியூர்க்காரர்களுக்குத் திக்கென்றிருக்கும். ஆனால் பெரியவர்கள் சூழ நிற்க நடக்கும் காரியம் இது. தனியாக, ஒளிந்து, திரும்பத் திரும்பத் தீ வைக்கும் பிள்ளைதான் கவலைக்குரியது.

ஐந்து வயதில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது வெறும் ஆர்வம். பதின்மூன்று வயதில் வைக்கோல் போரைக் கொளுத்துகிறவன் வேறு ரகம். வீட்டுச் சண்டை, அடி, பள்ளியில் கேலி, கூட்டாளிகளின் உசுப்பேற்றல் என்று பின்னால் ஏதாவது இருக்கும். தீ வைத்தே தீரவேண்டும் என்று மனம் துடிக்கும் 'பைரோமேனியா' மிக அரிது. சினிமாக்காரர்களுக்குத்தான் அது அடிக்கடி தேவைப்படுகிறது.

2017 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஈகிள் கிரீக் பள்ளத்தாக்கில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் பட்டாசைக் கொளுத்தி வீசினான். சுமார் 48,000 ஏக்கர் தீக்கிரையானது. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, மன்னிப்புக் கடிதங்கள், வனத்துறையில் 1,920 மணி நேர வேலை, 3.6 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு என்று நீதிமன்றம் விதித்தது. அந்தத் தொகையை எந்தப் பையனால் கட்ட முடியும்? எரித்த காட்டுக்கே உழைக்கச் சொன்னதில்தான் புத்தி இருக்கிறது.

இங்கேயும் 2024 மே மாதம், உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் காட்டுத்தீயோடு வீடியோ எடுத்துப் பரப்பிய மூன்று இளைஞர்கள் கைதானார்கள்.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வதைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. 18 வயது நிரம்பாதவர்களின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அதில் நீதித்துறை நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள்.

அதுவரை போகவிடாமல் இருக்க, வீட்டில் முதலில் தீப்பெட்டி, லைட்டர், பெட்ரோல் மூன்றையும் எட்டாமல் வைக்க வேண்டும். சூடு வைத்து மிரட்டும் பழைய வைத்தியம் வேண்டாம். அதனால் பிள்ளை ஒளிக்கத்தான் பழகும். எங்கே, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும். இரண்டாவது முறையும் நடந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.