தன் பாரத்தால் உருவாகும் கண்ணாடிக் கலம்

கண்ணாடிக் கலம் என்றவுடன், உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியிலே ஏந்தி வாயால் ஊதும் தொழிலாளியின் தோற்றமே பலருக்கும் நினைவில் எழும். ஆயினும், ஊதும் முறை தோன்றியது கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலேயே. அதற்கு முன்னரே கண்ணாடியைச் சூளையில் இளக்கி, அச்சிலே படியவைத்துக் கிண்ணங்கள் செய்தனர். அப்பழைய வழியிலிருந்து இக்காலத்திற் கிளைத்தது, வளையத்தின் ஊடாகக் கண்ணாடியைத் தாழவிட்டுக் கலமாக்கும் முறை. இங்கே ஊதுவாருமில்லை; தட்டுவாருமில்லை. கண்ணாடி தன் பாரத்தாலேயே கலமாகின்றது. வெப்பத்தை அளந்து கொடுத்தலும், தக்க வேளையில் நிறுத்தலும், பொறுமையோடு ஆறவிடுதலுமே மனிதனின் பங்கு.

இது எவ்வாறு இயலும்? பனிக்கட்டி ஒரு குறித்த வெப்பநிலையில் உருகி நீராகிவிடும். கண்ணாடிக்கு அவ்வாறான ஓர் எல்லை இல்லை. பனங்கட்டியைக் காய்ச்சுவோர் பாகின் பதம் படிப்படியாக மாறுவதை அறிவர். கண்ணாடியும் அத்தகையதே. சூடேற ஏற முதலில் வளையும், பின்னர் தொங்கும், அதன்பின் ஒழுகும். தொங்கும் பதத்திலே அதனைப் பிடித்து வைப்பதே இத்தொழிலின் அடிப்படை.

முதலில் வட்டமான தட்டொன்று வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நிறத்தகடுகள் நான்கினை அடுக்கி, சதம அளவையில் ஏறத்தாழ 800 பாகை வரை சூடாக்கினால், அவை 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே தட்டாக இணையும். ஆனால், எல்லாக் கண்ணாடியும் எல்லாக் கண்ணாடியோடும் இணங்குவதில்லை. சூட்டில் விரிந்து குளிரிற் சுருங்கும் அளவு வேறுபடுமாயின், இணைந்த தகடுகள் ஒன்றையொன்று இழுத்து வெடிக்கும். ஜேர்மனியக் கலைஞர் கிளவுஸ் மோயே 1979 இல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளியிற் கற்பித்தபோது, ஒத்து விரியும் பன்னிறத் தகடுகள் வேண்டுமென்பதைப் போட்லண்ட் நகரத்துப் புல்ஸ் ஐ நிறுவனத்தாருக்கு எடுத்துரைத்தார். அவ்வாறு சோதித்த தகடுகள் பின்னர் கிடைக்கலாயின. சூளைக் கண்ணாடிக் கலையும் விரைந்து வளர்ந்தது.

அடுத்தது தாழவிடுதல். நடுவிலே 20 சென்ரிமீற்றர் துளையுள்ள சுட்டமண் வளையத்தைச் சூளையினுள்ளே தூண்கள்மேல் உயர்த்தி வைப்பர். கண்ணாடி ஒட்டாதிருக்க, வளையத்துக்குச் சீனக்களி கலந்த பூச்சுப் பூசப்படும். அதன்மேல் 30 சென்ரிமீற்றர் அகலமான தட்டு அமரும். விளிம்பு ஒடுங்கியிருந்தால் தட்டு முழுவதும் வழுக்கித் துளையூடே வீழ்ந்துவிடும். வெப்பம் 650 பாகைக்கும் 700 பாகைக்கும் இடையில் நிற்க, தட்டின் நடுப்பகுதி மெல்லக் குழியும். தொடக்கத்தில் அசைவே தெரியாது. பின்னரோ தாழ்தல் விரைவடையும். சூடு மிகுந்தால் வளையத்தின் கீழுள்ள சுவர் மெலிந்து கலம் பயனற்றதாகும். ஆதலால், காப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் பார்வைத் துளையூடே அடிக்கடி நோக்கியிருத்தல் வேண்டும். அடிப்பகுதி சூளைத் தளத்தைத் தொட்டுத் தட்டையானதும் மின்னை நிறுத்தி, மூடியைச் சற்றுத் திறந்து சூட்டை இறக்குவர்.

வடிவம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்து அவசரப்படுவோர் இங்கேதான் தோல்வி காண்பர். கலத்தின் சுவர் மெல்லியது. அடியும் விளிம்பும் தடித்தவை. மெல்லிய பகுதி முந்திக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அக்குறை கண்ணுக்குப் புலனாகாது. பழுதற்றதாகத் தோன்றும் கலம், பல நாள் கழித்து மேசைமேல் இருந்தபடியே பிளக்கவுங்கூடும். ஆகவே, 480 பாகையளவில் அதனை நிறுத்திப் பதமாக ஆற்றுவர். சீரான 12 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு இரண்டு மணி நேரம் போதும். தடிப்பு வேறுபடும் கலத்தையோ இருமடங்கு தடித்ததாகக் கொண்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி, பின்னர் தொடக்கத்தில் மணிக்கு 15 பாகை வீதமே குளிரவிடுவர். ஒளியை முனைவாக்கும் இரு தகடுகளுக்கிடையே வைத்து நோக்கினால், எஞ்சிய இறுக்கம் வெண்ணொளியாய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சூளையிலிருந்து வெளிவருவது அகன்ற விளிம்புடைய தொப்பி போன்றதொரு பொருளே. அவ்விளிம்பை வைரத்தூள் பதித்த சக்கரத்தால் அறுத்து நீக்குவர். அறுக்கும்போதும் அரைக்கும்போதும் நீர் இடைவிடாது வடிதல் வேண்டும். நீரின்றேல் கண்ணாடி சூடேறி வெடிக்கும். தூளும் சுவாசத்தோடு நெஞ்சினுட் செல்லும். பின்னர் சிலிக்கன் காபைட்டுத் தூளால், பருமனானதிலிருந்து நுண்ணியது வரை முறையே தேய்ப்பர். ஒரு தரத்தின் கீறல் முற்றாக மறையுமுன் அடுத்த தரத்துக்குச் செல்லலாகாது. மறையாத கீறல் இறுதி மெருகிலே தெளிவாய்த் தெரியும். வாயின் கூரிய ஓரங்களைச் சாய்வாக மழுக்கியபின், சீரியம் ஒட்சைட்டுக் குழம்பால் மெருகேற்றுவர்.

தட்டு தாழ்ந்தது ஓரிரு மணி நேரமே. அது ஆறவும் மெருகு பெறவும் நாட்கள் செல்லும். ஆயினும், கலம் நிலைத்து நிற்பதா உடைவதா என்பதை நிருணயிப்பன, பார்ப்போர் கண்ணுக்குப் படாத அந்நீண்ட நாழிகைகளேயாகும்.